காலையில் இடி விழாது

தேவாலா,
24.3.2025

அன்பு மகள் இந்துமதிக்கு, உன் அப்பா தங்கவேலு சொல்லச் சொல்ல, பக்கத்து லயத்து வரிசைவீட்டு ஜோவிதா எழுதுவது.

நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன். நீயும் மாப்பிள்ளை பாலமுருகனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பாயில் படுக்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் தூக்கம் வருவதில்லை. மாப்பிள்ளைக்கு அசாமில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஃபிட்டர் வேலை கிடைத்து நீங்கள் ரயிலேறியது தை மாதம். இப்போது பங்குனி. அதற்குள் உன் முகம் எனக்குத் தூரமாகிவிட்டது.

போனில் பேசச் சொல்லி ஜோவிதாவிடம் சொல்கிறாயாம். போனில் எனக்குக் கேட்பது வண்டு இரைச்சல்தான். ரோலர் மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளிய காது இது. ஜோவிதா வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். அவள் கத்துகிற கத்தலில் இரண்டு லயமும் நம் குடும்பக் கதையைக் கேட்கிறது. கேட்டால் கேட்கட்டும், நீ கடிதமே போடு. (நான் கத்துவதில்லை இந்து. சத்தமாகப் படிக்கிறேன், அவ்வளவுதான். - ஜோவிதா)

வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தார் பூசிவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பலா மரத்துக்கு யானை வந்து போனது. கொழுந்து பறிக்க நம் ஆட்கள் இப்போது பாதிதான். மீதி ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இறங்கியிருக்கிறார்கள். நீ அங்கே போனாய், அவர்கள் இங்கே வந்தார்கள். துரைமாருக்கு இது சரியாக இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

சித்திரை வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அண்ணன் ரவிக்குமாரை இடி கொண்டுபோன மாதம். உனக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தான். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டிவிட்டு, “அடுத்த ஆளு வாங்க” என்று கூப்பிட்டான். அடுத்த ஆளாக நின்றது தெய்வம்மா. மழை ஒரு சொட்டு விழவில்லை. பாதி வானம் நீலமாகக் கிடந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் மேலே. தெய்வம்மாவுக்குச் சேலை ஓரம் கருகியதோடு சரி. அவன் உடம்பில் ஒரு காயம் இல்லை. செருப்பு மட்டும் காலைவிட்டுத் தள்ளிக் கிடந்தது.

அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரே சட்டம். மத்தியானச் சங்கு ஊதியதும் உள்ளே வந்துவிட வேண்டும். விறகு, துணி, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கு முன்னால். காலையில் இடி விழாது. காலை நம்முடையது, மத்தியானத்துக்கு மேல் அதனுடையது. அண்ணன் படத்தின் முன்னால் நீ செய்த சத்தியத்தை ரயிலேறியதும் மறந்துவிடாதே. நான் அங்கே இல்லை, உன்னைக் கூப்பிட்டு உள்ளே விட ஆள் இல்லை.

உன் பதிலைப் பார்த்துத்தான் சோறு இறங்கும்.
உன் அப்பா
தங்கவேலு (கைநாட்டு)


டூம்டூமா, அசாம்,
3.4.2025

என் அப்பாவுக்கு, இந்துமதி எழுதுவது. ஜோவிதா அக்கா, நீங்கள் மெதுவாகவே கத்துங்கள்.

கடிதம் வந்தது. சோறு இறங்காது என்று எழுதினால் நான் எப்படிச் சாப்பிடுவேன்? ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இங்கே எங்களுக்குத் தகரக் கூரை போட்ட வீடு. மலை இல்லை அப்பா. தேயிலை தரையோடு தரையாக, பாய் விரித்த மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது.

சத்தியத்தை மறக்கவில்லை. மத்தியானம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். வெளியே பளபளவென்று வெயில் அடிக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப்பார்த்து, “காய்ச்சலா?” என்று கேட்கிறார். கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டாலும் மூன்று மணிக்கு என்றால் நான் போவதில்லை. மதராஸ்காரிக்குக் கொஞ்சம் மூளை குழப்பம் என்று பேச்சு. பேசினால் பேசட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மத்தியானத்தில் இடி வந்து நான் இன்னும் பார்க்கவில்லை. வருவதெல்லாம் ராத்திரி கழிந்து விடியப்போகிற நேரத்தில். தகரத்தின் மேல் யாரோ டிரம்மை உருட்டுவது போல. இங்கே பிறந்து வளர்ந்த பெண்களும் அதைத்தான் சொல்கிறார்கள். வைகாசி வரைக்கும் இங்கே இடிக்கு விடியக்காலம்தான் நேரமாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டத்தில் எனக்கு ஒரு வேலை தருகிறார்கள். கொழுந்து நிறுத்து எழுதுகிற வேலை. அண்ணன் செய்த அதே வேலைதான், பயப்படாதீர்கள். காலை முறை, மாலை முறை என்று இரண்டு உண்டு. காலை முறைக்கு விடிவதற்குள் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டும், மத்தியானம் வீடு திரும்பலாம். மாலை முறை மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும். மாலை முறையை எடு என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொல்கிறார். ஆனால் நான் சத்தியம் செய்தவள். உங்களைக் கேட்காமல் மூன்று மணிக்கு வெளியே நிற்க மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள், எதை எடுக்கட்டும்?

இன்னொரு வேடிக்கை. இங்கே தோட்டத்துக் கடிகாரம் ஊர்க் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் சீக்கிரம் வருகிறது என்று வெள்ளைக்காரன் காலத்தில் மாற்றி வைத்ததாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
இந்து


தேவாலா,
12.4.2025

என் கண்ணு இந்துமதிக்கு, அப்பா.

உன் கடிதத்தை ஜோவிதா படித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மாலை முறை வேண்டாம். வேண்டவே வேண்டாம். தராசுக் கொக்கி, இரும்பு, மத்தியானம், சித்திரை. இந்த நாலையும் ஒன்றாகச் சேர்த்து எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

விடியக்காலத்து இடி என்கிறாய். நான் ஒரு நாட்டில் பார்த்துச் சொல்கிறவன் இல்லை. பண்டாரவளையில் பிறந்து, மீசை முளைத்து, கப்பலேறி மண்டபம் முகாமில் படுத்து, அப்புறம் இந்தத் தேவாலாவில் லயம் ஏறியவன். சிலோனிலும் பங்குனி சித்திரையில் காலை கண்ணாடி மாதிரி இருக்கும். மத்தியானம் கருக்கும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கு இடிக்கும். கங்காணி பெரியசாமியின் இரண்டு மாடுகளும் அந்த நேரத்தில்தான் சுருண்டன. கடலைத் தாண்டி வந்தேன், இங்கேயும் அதே நேரம். ஒரே வானம்தானே? அசாமுக்கு மட்டும் வேறு வானமா தைத்துப் போட்டிருக்கிறார்கள்?

நீயே எழுதியிருக்கிறாய், அந்தத் தோட்டத்துக் கடிகாரம் பொய் சொல்கிறது என்று. கடிகாரத்தையே முன்னால் தள்ளி வைக்கிற ஆட்கள் இடி வந்த நேரத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்வார்களா? (“அண்ணே, வித்தியாசம் ஒரு மணி நேரந்தானே, மத்தியானம் எப்படி விடியக்காலம் ஆகும்?” என்று கேட்டேன். “நீ எழுது” என்கிறார். எழுதிவிட்டேன். - ஜோவிதா)

ராத்திரி உறுமினால் உறுமட்டும். அது பசி அடங்கிப் போகிற இடி. கொல்கிற இடி மூன்று மணி இடிதான். அதை நான் பார்த்திருக்கிறேன். அதன் வாசனை கூட எனக்குத் தெரியும். பற்றவைத்த தீக்குச்சியை ஈர மண்ணில் தேய்த்த மாதிரி.

காலை முறையை எடு. அண்ணன் மேல் நீ செய்த சத்தியத்தின் மேல் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல், மாமனார் கிழவன் பயந்தவன், அவன் பயத்துக்கு மரியாதை கொடுங்கள் என்று.

உன்னை நினைத்துப் பயத்திலேயே இருக்கும் அப்பா
தங்கவேலு (கைநாட்டு)


டூம்டூமா,
22.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

காலை முறையை எடுத்துவிட்டேன். இனி நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “ஒங்கப்பா தேவாலாவுல ஒக்காந்து அசாமுக்கு மழை வுடுறாரு” என்றார். பிறகு அவரே டிபன் டப்பாவைக் கழுவிக் கொடுத்தார். அதனால் சமாதானம்தான்.

விடிவதற்குள் கிளம்புகிறேன். வீட்டிலிருந்து எடைக் கொட்டகை வரைக்கும் நேரான மண் ரோடு. இரண்டு பக்கமும் தேயிலை, அங்கங்கே நிழல் மரம். வேறு ஒன்றும் கிடையாது. அந்த ரோட்டில் நடந்தால் உலகத்திலேயே உயரமான பொருள் நான்தான் என்று தோன்றுகிறது. நம் மலையில் எப்போதும் நம்மைவிட உயரமாக ஏதாவது பக்கத்தில் இருக்கும்.

நேற்றும் அந்த விடியல் நேரத்தில் இடி. பெண்கள் எல்லோரும் பெரட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டார்கள். வானம் விடும் வரைக்கும் அவர்கள் கிளம்புவதில்லை. மேஸ்திரி கத்தினாலும் கிளம்புவதில்லை. நான் மட்டும் கிளம்பினேன். முன்னால் போய்த் தராசை மாட்ட வேண்டும். ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் சிரித்துக்கொண்டே உதறிவிட்டு நடந்தேன். காலை நம்முடையது அல்லவா? பாதி வழியில் வெளிச்சம் ஒன்று அடித்தது. என் நிழல் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே சமயத்தில் விழுந்த மாதிரி இருந்தது. எண்ணுவதற்குள் சத்தம். நான் நிற்கவில்லை. காலை இடி கொல்லாது, காலை இடி கொல்லாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

இன்று காலை அந்த ரோட்டோரத்தில் ஒரு பசு நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. கண் திறந்திருந்தது. உடம்பில் காயம் இல்லை.

இவர் கேட்டார், “காலை இடி கொல்லாதுன்னு யாரு சொன்னா?” அப்பா சொன்னார் என்றேன். சொன்ன பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். காலையில் இடி விழாது என்றுதான் நீங்கள் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறீர்கள். விழுந்தால் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லவே இல்லையே அப்பா. இங்கே விழுகிறது. நான் என்ன செய்யட்டும்?

சீக்கிரம் எழுதுங்கள்.
இந்து


தேவாலா,
1.5.2025

இந்துமதி, அப்பா எழுதுகிறேன். இதைத் தபாலில் போட்டால் ஐந்தாறு நாள் ஆகும். ஜோவிதா இதை எழுதி, தன் போனில் படம் பிடித்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். படித்ததும் ஒரு வார்த்தை சொல்.

பசு என்று நீ எழுதியதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. தேவாலா பஜாருக்குப் போனேன். வேலுமணி டீக்கடையில் உட்கார்ந்து, வந்தவன் போனவனையெல்லாம் நிறுத்தி, “ஒன் ஊர்ல இடி எந்நேரம் வரும்?” என்று கேட்டேன். வேலுமணி கோயமுத்தூர்க்காரர், நக்கலுக்குக் கேட்கவா வேண்டும்?

“ஏனுங்க பெரியவரே, இடிக்கு டைம் கேக்கறதுன்னா கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குல்ல போகோணும்? அங்கதானுங்க போர்டு எழுதி வெச்சிருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது.

நிலம்பூரிலிருந்து மரம் ஏற்ற வந்த லாரிக்காரன், “எங்கட நாட்டில் அது சந்தியக்கு வரும் சேட்டா, விளக்கு கத்திக்கும்போ” என்றான், விளக்கேற்றுகிற நேரமாம். கண்டக்டர் சின்னராஜின் தங்கை மெட்ராசில் இருக்கிறாள். அங்கே பகலெல்லாம் வெயில் காய்ச்சி எடுத்துவிட்டு, சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு மேற்கிலிருந்து இடித்துக்கொண்டு வருமாம். ஜார்கண்ட் பையன்கள் இருவர் நின்றார்கள். அவர்கள் ஊரில் சாயங்காலம், ஆட்கள் வயலில் குனிந்திருக்கும்போது. ஊருக்கு ஒரு நேரம், இந்து. ஸ்டோரில் ஆள் மாற்றி ஆள் ஷிப்டுக்கு வருவது போல அது இந்த நாடு முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கிறது. நம் ஊர் ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அது அடுத்த ஊருக்குத்தான் போயிருக்கிறது.

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. நேற்று உறைத்தது.

அசாமிலிருந்து வந்தவர்களில் பூல்மணி என்று ஒரு பெண். உன் வயது இருக்கும், நம் பாஷையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். நேற்று மத்தியானச் சங்கு ஊதி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பந்தலூர்ப் பக்கம் வானம் கருத்து உருண்டுகொண்டு வந்தது. லயத்தில் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். அவள் மட்டும் மேட்டில், தனி மரத்தடியில், கையில் அரிவாளோடு விறகு வெட்டிக்கொண்டு பாட்டுப் பாடுகிறாள். நான் வாசலில் நின்று கத்தினேன். அவள் கையை ஆட்டினாள். என் வயதுக்கு ஓட முடியாது, ஆனாலும் ஓடினேன். கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “தாத்தா, பயம் வேணாம். இப்ப இடி ஒண்ணும் பண்ணாது. எங்க ஊரு விடியக்காலந்தான் பொல்லாத நேரம். மத்தியானம் நம்ம நேரம்” என்றாள்.

நம்ம நேரம் என்றாள், இந்து.

அவள் முகத்தில் நான் உன்னைப் பார்த்தேன். கையை உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தேன் என்று எழுதினாயே, இப்படித்தானே சிரித்திருப்பாய்? தன் ஊர் நேரத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நம் இடிக்கு அடியில் அவள் நிற்கிறாள். நான் கட்டிக் கொடுத்த மூட்டையோடு நீ அவள் ஊர் இடிக்கு அடியில் நடக்கிறாய். அவளை லயத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதும் வெளியே விழுந்தது. எங்கே விழுந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

காலையில் போகாதே. விடியக்காலத்தில் கதவைத் திறக்காதே. அந்த வேலையே வேண்டாம். மத்தியானத்திலும் போகாதே, யார் கண்டது? சாயங்காலமும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இரு. தகரக் கூரை என்றாயே, தகரத்துக்கு அடியில் இருக்கலாமா என்று யாரையாவது கேள்.

உடனே பதில் போடு. உடனே.
அப்பா (கைநாட்டு)


தேவாலா,
4.5.2025

இந்து, பதில் வரவில்லை.

படம் போனது, ஆனால் அங்கே போய்ச் சேரவில்லை என்று ஜோவிதா சொல்கிறாள். ஒரு கோடுதான் விழுந்திருக்கிறதாம், இரண்டு கோடு விழ வேண்டுமாம். நாள் முழுக்க அந்தப் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறேன். எழுத்துத் தெரியாதவனுக்கு ஒரு கோடு, இரண்டு கோடு கூடவா தெரியாது? ஒன்றாகத்தான் நிற்கிறது. மாப்பிள்ளை நம்பருக்கு அடித்தால் ஒரு பொம்பளை இந்தியில் ஏதோ சொல்கிறாள். (காற்றில் டவர் விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன் இந்து. நம்புகிறாரில்லை. பிள்ளைகளைத் தூங்கவைக்கக்கூட விடாமல் எங்கள் வீட்டுக் காம்பரா வாசலில் வந்து நிற்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. - ஜோவிதா)

முன்னெல்லாம் என் பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது. மூன்று மணிக்குத் தொடங்கும், விளக்கு வைத்தால் முடியும். அப்புறம் மனுஷனாக உட்கார்ந்து சோறு தின்பேன். இப்போது நம் இடி ஓய்ந்ததும் மெட்ராஸ் இடி தொடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. அது ஓய்ந்தால் உன் இடி. விடியக்காலத்தில் எழுந்து வெளியே வந்து நிற்கிறேன். இங்கே ஒரு மேகம் இல்லை. அவ்வளவு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஊருக்கே வந்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கு இங்கே ஏதாவது வேலை கேட்கலாம். நான் துரையின் காலில் விழுகிறேன். வந்துவிடு.

அப்பா


டூம்டூமா,
17.5.2025

அப்பா,

இவர் ஜோவிதா அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டார். அதனால் நான் உயிரோடு இருப்பது உங்களுக்குத் தெரியும். நடந்ததை நானே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

நீங்கள் படம் அனுப்பிய நாளுக்கு முந்தின நாள் விடியக்காலம். உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் தாமதம்தான். அதை நினைத்து நெஞ்சை அடித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றும் பெண்கள் கொட்டகையில் நின்றார்கள். நான் நடந்தேன். ரோட்டில் பாதி தூரம் போனதும் கையில் ரோமம் எல்லாம் எழுந்து நின்றது. வாயில் செம்பு நக்கிய மாதிரி ஒரு ருசி. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. நிழல் மரம் ஒன்று தோலுரிந்து வெள்ளையாக நின்றது மட்டும் தெரிந்தது. நான் சேற்றில் கிடந்தேன். இடது கால் என்னுடையதாக இல்லை.

கொட்டகையில் ஒண்டியிருந்த அந்தப் பெண்கள் வெளியே வந்தார்கள், அப்பா. அந்த நேரத்தைக் கண்டு பிறந்ததிலிருந்து நடுங்குகிறவர்கள். மேஸ்திரிக்காக வராதவர்கள். எனக்காக வந்தார்கள். இடி நிற்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, என்னைக் கொழுந்துச் சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். என் கையைப் பிடித்து இழுத்தவள் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாளாம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள். கால் திரும்பி வருகிறது. கொஞ்சம் இழுத்து நடக்கிறேன். டவர் வந்த பிறகு உங்கள் கடிதங்கள் இரண்டையும் இவர் போனில் காட்டினார். படித்தேன். காலையில் போகாதே, மத்தியானம் போகாதே, சாயங்காலமும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் எப்போது வாழ்வது? உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்தபோது, இடி விழுந்ததைவிட அதிகமாகப் பயந்துவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் எனக்குச் சொல்ல ஒரு நேரமும் மிச்சமில்லை.

நாங்கள் வரவில்லை. இவருக்கு இங்கே வேலை நிலைத்துவிட்டது. எனக்கு மாலை முறை தருகிறார்கள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வெளியே போனேன். தனியாகத்தான். அந்த மண் ரோட்டில், காலை இழுத்துக்கொண்டு, எடைக் கொட்டகை வரைக்கும். அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த நேரத்து வெயிலை உடம்பில் வாங்குகிறேன். உச்சந்தலை சுட்டது. ஒவ்வொரு அடிக்கும் நின்றுவிடலாம் என்று தோன்றியது. வானத்தில் ஒன்றுமே இல்லை அப்பா, ஒரு பருந்து தவிர. திரும்பி வந்தபோது என் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. அழுதேன் போல.

உங்களைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு போகட்டும். அண்ணன் இருந்திருந்தால் என்னைத் தள்ளி வெளியே விட்டிருப்பான் என்று நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள். இதற்குப் பதில் எழுத விருப்பமில்லாவிட்டால் எழுத வேண்டாம்.

இந்துமதி


தேவாலா,
26.5.2025

மகள் இந்துமதிக்கு, அப்பா தங்கவேலு சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் ஜோவிதா கத்திப் படித்தாள். லயமே வாசலில் நின்றது. இரண்டாம் நாள் திரும்பப் படிக்கச் சொன்னேன். அன்று அவள் கத்தவில்லை. காதோடு காதாகத்தான் படித்தாள். எனக்குக் கேட்டது.

நீ மூன்று மணிக்கு வெளியே போனாய் என்ற இடத்தில் அவளை நிறுத்தச் சொன்னேன். எழுந்து கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே வந்து, மீதியைப் படி என்றேன். கால் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இரவில் எண்ணெய் சூடு பண்ணித் தேய். அந்தப் பெண்களுக்கு நான் ஒன்றும் கொடுக்க முடியாது. அவர்கள் பாஷையில் கும்பிடுகிறேன் என்பதற்கு என்ன வார்த்தையோ, அதைக் கேட்டுச் சொல்லிவிடு.

பூல்மணி இப்போது மத்தியானச் சங்குக்கு மற்றவர்களோடு உள்ளே வந்துவிடுகிறாள். ஆனால் விடியக்காலத்தில் நல்ல வெளிச்சம் வரும் வரைக்கும் கதவைத் திறப்பதில்லை. இங்கே அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை. அவள் திறக்கிறபோது திறக்கட்டும்.

பதில் வேண்டாம் என்றாயே, அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. சத்தியம் என்னிடம் செய்தது. நானே எடுத்துவிட்டேன். நேற்று அவன் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். உன் மேல் எந்தப் பாவமும் இல்லை. மாலை முறையை எடு. எப்போது போகிறாய், எப்போது வருகிறாய் என்று எனக்கு எழுதாதே. சமையல் எழுது, மாப்பிள்ளை சண்டை போட்டால் எழுது, அந்த ஊர் ஆற்றைப் பற்றி எழுது.

(இதோடு கைநாட்டுக்கு மைப்பெட்டியை எடுத்துவைத்தார் இந்து. மூடிவிடட்டுமா என்று கேட்டேன். இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். - ஜோவிதா)

தென்மேற்கு மழை இறங்கிவிட்டது. இனி இரண்டு மூன்று மாதம் ஒரே ஊற்றாக ஊற்றும், இடி இருக்காது. மற்றவர்களுக்கு இது நிம்மதியான காலம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் பயம். இதை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். உனக்கு அனுப்பவில்லை.

நன்றாக இரு.

அப்பா
தங்கவேலு (கைநாட்டு)